ஒன்பதாவது விலாசம்

யேசு மரி சூசை துணை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
17.3.1976

அன்புள்ள மகள் மலருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் என் காலால் நடந்து, என் கையால் சமைத்து, ஒருவருக்கும் பாரமில்லாமல் இருக்கிறேன். சாம்பியாவில் உனக்கும் மருமகன் தம்பி ஆனந்தராசாவுக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் இதைவிட இரண்டு மடங்கு சுகம் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு, முதலில் ஒரு விசயம். இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ இதோடு சேர்ந்தோ திருகோணமலை முத்திரை குத்திய இன்னொரு எயர்மெயில் உறை உனக்கு வரும். எழுத்து கோழி கிண்டினதுபோல் இருக்கும், பின்பக்கம் அனுப்பியவர் பெயர் இருக்காது. அதைத் திறக்காதே. தம்பியிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொல். ஏற்கெனவே திறந்து வாசித்துவிட்டாய் என்றால், அதில் இருப்பது ஒரு சொல்கூட உண்மையில்லை, பயப்படாமல் சாய்ந்து இருந்துகொண்டு இதை முழுக்க வாசி. அதை யார் அனுப்பினது, ஏன் அனுப்பினது என்று எனக்குத் தெரியும். ஒரேயடியாகச் சொல்ல மனம் வரவில்லை, நடந்தபடியே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நான் பென்சன் எடுத்து வருகிற ஆனியோடு நாலு வருடம். அம்மா போய் இரண்டு வருடம். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் மற்றவர்களுடைய கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டவனுக்கு இப்போது ஒரு கடிதம் வருவதில்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் பகிடி என்று நினைப்பார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை மகள். டொக்டர் உன்னைப் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார், தம்பி பள்ளிக்கூடத்தையும் பார்த்துக் குசினியையும் பார்க்கவேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். உன்னுடைய கடைசிக் கடிதம் ஐப்பசியில் வந்தது. அதற்காக என் வாசலில் தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்காமல் போய்விடவில்லை. இந்தியாவில் ஏதோ ஒரு கம்பனிக்காரன் எனக்கு மாதம் தவறாமல் எழுதுகிறான். பத்திரிகையில் கட்டம் போட்டு, எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வரவேண்டும் என்று ஒரு போட்டி வந்தது, நான் பொழுது போகாமல் நிரப்பி அனுப்பினேன். எனக்கு முதற்பரிசாக றேடியோ விழுந்திருக்கிறதாம், கட்டி அனுப்புகிற செலவை மட்டும் நான் கொடுத்தால் போதுமாம். எனக்கா இந்த வித்தை தெரியாது. துறைமுகத்தில் வேலைசெய்த குணரத்தினத்துக்கு இதேமாதிரி ஒரு பார்சல் வந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லாமல் எங்கள் கந்தோர் மேசையில் வைத்தே அவிழ்த்தார். றேடியோவின் முகம் மட்டும் வடிவாக இருந்தது, உள்ளே வைக்கோலும் ஒரு செங்கல் துண்டும். அன்றைக்கு எல்லாரிலும் கூடச் சிரித்தவன் நான். அதனால் ஒரு சதமும் அனுப்பவில்லை. ஆனால் மதிப்புக்குரிய திரு. நிக்கலஸ் அவர்களுக்கு என்று தட்டெழுத்தில் என் பெயர் போட்டு வருகிற அந்தக் கடிதங்களை எறியவும் இல்லை. மேசை லாச்சிக்குள் ஆறு கிடக்கிறது. கடைசியாக வந்ததில், தங்களுடைய மௌனத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தான். இப்படி விசாரிக்க அந்தக் கள்ளன் ஒருவனாவது இருக்கிறான் என்று நினைத்தேன். தபாற்காரர் கலீலுர் றஹ்மான் என்னிடம் வேலை பழகினவர், ஐயா இண்டைக்கும் உங்கட றேடியோக்காரன்தான் எழுதியிருக்கிறான் என்று சொல்லித் தந்துவிட்டுப் போவார். அவர் போனால் அடுத்தநாள் பத்தரை மணிக்கு அவர் திரும்பி வரும்வரைக்கும் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு மரியம்மா வெள்ளிக்கிழமைகளில் மீன்குழம்பு கொண்டுவந்து வேலிக்கு மேலால் தருவா, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை கதைப்போம், அவ்வளவுதான்.

இந்த மாதம் நாலாம் திகதி, விபூதிப் புதனுக்கு அடுத்தநாள், கையெழுத்தில் ஒரு உறை வந்தது. கையெழுத்து என்றதும் நான் உறையைக் கிழிக்காமல் கத்தரிக்கோல் எடுத்துவந்து பக்குவமாக வெட்டினேன் என்றால் பார்த்துக்கொள். உள்ளே அந்தோனியார் பெயரில் ஒரு சங்கிலிக் கடிதம். மேலே ஒரு செபம், அதற்குக் கீழே கட்டளை. ஒன்பது நாளுக்குள் ஒன்பது பிரதி எழுதி ஒன்பது பேருக்குப் பெயர் போடாமல் அனுப்பவேண்டும், மந்திரித்த பதக்கம் வேண்டுமென்றால் கொழும்பில் ஒரு தபால் பெட்டி இலக்கத்துக்குப் போஸ்டல் ஓடர் அனுப்பவேண்டும். எழுதினவர்களுக்கு லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்ததாம், வெளிநாட்டில் வேலை கிடைத்ததாம். எழுதாதவர்களுக்கு வீடு எரிந்ததாம். இந்தமாதிரிக் கடிதம் கந்தோரில் யாருக்காவது வந்தால் என்னிடம்தான் கொண்டுவந்து தருவார்கள், நான் தேத்தண்ணி நேரத்தில் சுவாமியாரின் குரலில் இழுத்து இழுத்து வாசிப்பேன், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இதையும் அப்படியே குசினிக்குக் கொண்டுபோய் அடுப்புக்குள் செருகினேன். செருகும்போது கடைசி வரி கண்ணில் பட்டது. புத்தளத்தில் ஒரு தகப்பன் இந்தக் கடிதத்தை அலட்சியம் செய்தான், ஒன்பதாம் நாள் அவன் மகளுடைய வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது என்று எழுதியிருந்தது. மகள், உனக்கு இரண்டு முறை நடந்ததை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. தம்பியின் தபால் அட்டை வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது, டொக்டர் உன்னை எழும்பவேண்டாம் என்று சொன்னதாக அதில்தான் வாசித்தேன். அடுப்பில் நெருப்பு இருந்தது. நான் கையை விட்டு அந்தக் கடதாசியை வெளியே எடுத்தேன். ஒரு மூலை கருகிப்போயிருந்தது. அம்மா இருந்திருந்தால், விசரே உங்களுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பா, அதோடு முடிந்திருக்கும்.

ஒன்பது பிரதியையும் இரண்டு நாளில் எழுதி முடித்தேன். எழுத்தை ஒருவரும் பிடிக்கக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அனுப்ப ஆள் தேடினபோதுதான் கஷ்டம் வந்தது. ஒரு கடதாசியில் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் இலக்கம் போட்டுவிட்டு மேசையில் இருந்தேன். குணரத்தினத்துக்கு இருதய வருத்தம், அவருக்கு இப்படி ஒன்றை அனுப்பினால் நான் மனிதனில்லை. மரியம்மாவுக்கு அனுப்பினால் வேலிக்கு மேலால் எனக்கே வாசித்துக் காட்டுவா. கலீலுர் றஹ்மானுக்கு அவருடைய கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிற கதை ஆகும். உன் சித்தப்பா அல்பிரட் காணிப் பிரச்சினைக்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை, ஐந்து வருடம் எழுதாமல் இருந்துவிட்டு இதையா எழுதுவது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. மத்தியானம் சோறு ஆறிப்போனது, பேனை மை காய்ந்துபோனது, எனக்கு ஒரு பெயர் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்துபோன சனமெல்லாம் அம்மாவைப் பார்க்க வந்த சனம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கல்யாணம், செத்தவீடு, கோயில் எல்லாம் அம்மாதான் போவா, நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். அம்மா போனபிறகு அவர்களும் வரவில்லை, நானும் போகவில்லை. பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா. கண்ணை மூடிக்கொண்டு பழைய தட்டை நினைத்தேன், கடிதங்களைப் பிரித்துப்போடுகிற அந்தப் பெட்டி பெட்டியான மரத் தட்டை. நினைத்தவுடனே விலாசங்கள் வரத்தொடங்கின. எனக்கு ஆட்களைத் தெரியாது மகள், விலாசங்களைத் தெரியும். நிலாவெளியில் கரைவலைக்காரர் ஒருவர், கிண்ணியாவில் மரக்கடை வைத்திருக்கிற அபூதாஹிர் முதலாளி, சாம்பல்தீவில் பறுவதம் என்று ஒரு பெண், அவவின் தமையன் கொழும்பிலிருந்து மாதாமாதம் பதிவுக் கடிதம் அனுப்புவார். சீனன்குடாவில் இரண்டு பேர், மூதூரில் ஒரு வாத்தியார், நகரத்தில் ஒரு தையற்காரர், ஒரு புகைப்படக்காரர். ஒருவரோடும் நான் ஒரு நாளும் கதைத்ததில்லை, சிலரைக் கண்டதுகூட இல்லை, ஆனால் இருபது வருடம் அவர்களுடைய பெயர் என் கையால் போயிருக்கிறது. எட்டு உறை எழுதி எட்டையும் போட்டுவிட்டேன்.

ஒன்பதாவதுக்கு ஆள் இல்லை. இன்னும் எத்தனையோ விலாசம் தலைக்குள் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்டைப் போட்ட பிறகு மனம் வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. இந்தக் கடிதம் கையில் கிடைக்கிறவருக்கு ஒன்பது நாளில் நல்ல செய்தி வரும் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறதே, நல்ல செய்தி இப்போது யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். அந்தோனியார் செபம்தானே, கிடைத்தால் நல்லதுதானே என்றும் நினைத்தேன். ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், இடது கையால் உன் விலாசத்தை எழுதி, எயர்மெயில் முத்திரை ஒட்டி, மேட்டுக்குக் கீழே இருக்கிற தபால் பெட்டியில் போட்டேன். ஆம் மகள், அதை அனுப்பினது நான்தான். வாசித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும், வரவேண்டும். ஆனால் அன்றைக்கு நான் பெரிய காரியம் முடித்தவன்போல் வீட்டுக்கு வந்து, ஒரு பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, பல நாளுக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டேன். கடிதத்தின் பின்பாதி என் மூளைக்கு எட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதலாவது அடி விழுந்தது. அபூதாஹிர் முதலாளி நல்ல மனிதர், உறையைத் திறந்து பார்த்துவிட்டு, இது கோயிலுக்குப் போகவேண்டிய கடிதம், விலாசம் பிழைச்சு நமக்கு வந்திருக்கு என்று சொல்லி, நகரத்துக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து எங்கள் சுவாமியாருக்கே அனுப்பிவிட்டார். சுவாமியார் பிரசங்கத்தில் அதைத் தூக்கிக் காட்டி, தபசு காலத்தில் இப்படிப் பாவம் செய்கிற மடையன் இந்தக் கோயிலுக்குள்ளும் இருக்கலாம் என்று ஒரு பிடி பிடித்தார். நான் மூன்றாம் வரிசை வாங்கில் இருந்து மற்றவர்களைப்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதையும் தாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை கலீலுர் றஹ்மான் வந்து, ஐயா கேட்டீங்களே, சாம்பல்தீவில பறுவதம் எண்டு ஒரு மனிசி கடிதத்தை வைச்சுக்கொண்டு அழுகிறாவாம், எழுத வாசிக்கத் தெரியாதாம், ஆர் எழுதித் தருவினம் எண்டு வீடு வீடாத் திரியிறாவாம், புருசனைக் கடலுக்குப் போக விடுறா இல்லையாம் என்றார். அந்த விலாசத்தை இருபது வருடம் வாசித்த எனக்கு, அந்த விலாசத்தில் இருக்கிறவ வாசிக்கமாட்டா என்று தெரியாது.

நேற்றுக் காலையில் பஸ் எடுத்துச் சாம்பல்தீவுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வள்ளம் கரையில் கிடந்தது, புருசன் அதன் நிழலில் சும்மா இருந்தார், மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. நான் அவவுக்கு முன்னால் நின்று, அது பொய்க் கடிதம் அம்மா, அதை அனுப்பினது நான்தான் என்று சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன், ஏசவில்லை. எங்களை உங்களுக்கு முன்பின் தெரியாதே ஐயா, பிறகேன் எங்கட வீட்டுக்கு அனுப்பினனீங்கள் என்று கேட்டா. எனக்கு வேறு ஆட்கள் இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னபிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அவ உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, மற்றதெல்லாம் ஆருக்குப் போனது என்று கேட்டா, நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எட்டு முடிந்தது. அப்ப ஒன்பதாவது ஆருக்கு என்றா. என்ர மகளுக்கு, அவளுக்கு இது ஏழாம் மாதம் என்றேன். வயித்திலை பிள்ளையோடை இருக்கிறவளுக்கோ இதை அனுப்பினனீங்கள், அவள் ஆரைப் பிடிச்சு எழுதுவாள் என்று அவ கேட்டபோதுதான் மகள் எனக்குக் கண் திறந்தது. உன்னைக் காப்பாற்ற எழுதின கடிதத்தின் பயத்தையெல்லாம் மடித்து, உன் தலையணைக்கே வரும்படி முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அந்தப் புத்தளத்து வரியையும் நான் விடாமல் எழுதியிருக்கிறேன், பிரதி என்றால் பிரதியாக இருக்கவேண்டும் என்று.

அங்கிருந்து நேரே கந்தோருக்குப் போனேன். போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்கிறவர், உறையில் இருக்கிற அதே எழுத்தில் விலாசத்தை எழுதிக் காட்டவேண்டும், அந்த விதியை அங்கே இருக்கிற பாதிப்பேருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கு முன்னால் இருந்து இடது கையால் உன் விலாசத்தை எழுதினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். ஐயா, பை சனிக்கிழமையே போயிட்டுது என்று பொறுப்பாக இருக்கிற தம்பி மெதுவாகச் சொன்னார். தந்தி அடிக்கலாம் என்று நினைத்தேன். ஊரிலிருந்து தந்தி என்றால் நீ உறையைக் கண்டதுமே என்னைச் செத்தவன் என்று நினைப்பாய், அந்தப் பயம் இதைவிடப் பெரிது. ஆனந்தராசா தம்பிக்கு மட்டும் தனியாக எழுதலாம் என்றும் நினைத்தேன். ஆனால் ஒளித்துச் செய்த வேலையால் வந்த வினையை இன்னொன்றை ஒளித்துத் தீர்க்க மனம் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். என் கணக்குச் சரியென்றால் இரண்டும் ஒரே பையில் உன்னிடம் வரலாம். இன்றைக்கு விடிய நிலாவெளிக்காரரையும் தையற்காரரையும் பார்த்துச் சொல்லிவிட்டேன், மற்றவர்களையும் இந்தக் கிழமைக்குள் பார்த்துவிடுவேன். தையற்காரர் ஆனந்தமாக, நான் அப்பவே கிழிச்சு எறிஞ்சிட்டன் என்றார், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதையும் உனக்குச் சொல்கிறேன். பறுவதத்தின் புருசன் நேற்றுப் பின்னேரமே வள்ளத்தை இறக்கிவிட்டாராம். அல்பிரட் சித்தப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன், வலது கையால்.

நீ பாரம் தூக்காதே. டொக்டர் தந்த குளிசையைச் சாப்பாடு முடிந்த உடனே போடு, வெறுவயிற்றில் போடாதே. படுத்தே இருந்தால் கால் வீங்கும், தலையணை வைத்துக் காலை உயர்த்திக்கொள். தம்பிக்கு நன்றி சொன்னேன் என்று சொல், அந்தப் பிள்ளை உன்னைப் பார்க்கிற விதத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, இப்படி ஒன்றைத்தான் செய்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். நீ படித்த பிள்ளை, இதையெல்லாம் நம்பமாட்டாய். ஆனால் நானும் என்னைப்பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் இவ்வளவு சொல்லியும் மனம் ஆறவில்லை, எழுதத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அந்த நாட்டில் ஒன்பது பேரைத் தேடாதே. கடதாசியில் இலக்கம் போட்டு ஆட்களை எண்ணத் தொடங்காதே மகள். சாபம் பொய், அது ஒருவரையும் ஒன்றும் செய்யாது. அந்த எண்ணிக்கைதான் செய்யும், அது என்னைச் செய்தது. ஒன்பதையும் எனக்கே அனுப்பு. செபத்தைப் பார்த்து எழுதவேண்டாம், அன்றைக்கு என்ன சாப்பிட்டாய், பிள்ளை எந்தப் பக்கம் உதைத்தது, அங்கே மழையா வெயிலா, ஒரு வரி போதும். ஒன்பது ஏலாது என்றால் ஒன்று அனுப்பு. அந்த ஒன்றையே நான் ஒன்பதாக எடுத்துக்கொள்வேன்.

மாதாவின் கை உன் வயிற்றின் மேல் இருக்கட்டும். தாயும் பிள்ளையுமாய் நீ சுகமாய் எழும்பவேண்டும். தம்பிக்கும் என் ஆசீர்வாதம். எழுதும்போது உறையின் பின்பக்கம் உன் பெயரை எழுத மறக்காதே.

உன் அன்புள்ள அப்பா,
ச. நிக்கலஸ்